சேஜ் நினைவாற்றல் தாள்: எதற்கு உதவும், எப்போது தூர வைக்க வேண்டும்

சேஜ் (SAGE) தாளுக்கு விலை எதுவும் இல்லை. பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அதற்குமேல் தேவை ஒரு பேனாவும் பத்துப் பதினைந்து நிமிடமும்தான். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் டக்ளஸ் ஷாரி குழுவினர் உருவாக்கி, 2010-இல் வெளியிட்ட, நினைவாற்றல் குறைகிறதா என்று பார்க்கும் சோதனை இது. பக்கத்தில் யாரும் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டாம், பெரியவர் தானே எழுதிவிடலாம் என்பதுதான் பெரிய வசதி. தேதி, படத்தைப் பார்த்துப் பெயர் எழுதுவது, சில்லறைக் கணக்கு, கடிகாரம் வரைவது என்று மொத்தம் 22 மதிப்பெண். நினைவைச் சோதிக்கும் விதம் கெட்டிக்காரத்தனமானது: எல்லாம் முடிந்த பிறகு செய்யச் சொல்லி ஒரு சின்ன வேலையை இடையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அதை யாரும் நினைவூட்டுவதில்லை.

17-ம் அதற்கு மேலும் இயல்பு, 15-16 லேசான குறைபாடு இருக்கலாம், 14-ம் கீழும் டிமென்ஷியாவாக (மறதி நோயாக) இருக்கலாம். வயது 80 ஆகியிருந்தால் ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும். படிப்பு பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் இல்லையென்றால் இன்னொன்று. குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய 79 சதவீதம் பேரை இது பிடிக்கிறது. ஐந்தில் ஒருவர் தப்பிவிடுகிறார் என்று பொருள். ஆகவே 18 வாங்கிய ஒருவர் காலை மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்கிறார் என்றால், நம்ப வேண்டியது மாத்திரை டப்பாவை.

வீட்டில் எழுதும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் உடனிருப்பவர்களால். "அப்பா, நல்லா யோசிங்க" என்பதே உதவிதான். சுவரில் காலண்டரும் கடிகாரமும் கண்ணில் படக் கூடாது. மூக்குக்கண்ணாடி இருக்க வேண்டும். நேரக் கெடு வைக்கக் கூடாது. தூக்க மாத்திரையோ, சளிக்கும் அரிப்புக்கும் தரும் தூக்கம் வரும் மாத்திரையோ போட்ட மறுநாள் எழுதினால் மதிப்பெண் குறைவது வியப்பில்லை. மனச்சோர்வும் அப்படித்தான். ஒரே தாளைத் திரும்ப எழுத வைத்தால் விடை பழகிவிடும். அதற்காகவே நான்கு வடிவங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தடவை எழுதியதைவிட, ஓராண்டு ஒன்றரை ஆண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு தாள்கள்தான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். இரண்டு மூன்று மதிப்பெண் இறங்கியிருந்தால் அது பேச வேண்டிய விஷயம்.

இனி, இந்தத் தாளை எடுக்கவே கூடாத நேரங்கள். நன்றாக இருந்தவர் திடீரென்று "இங்கே எப்படி வந்தேன், மணி என்ன?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார், தன் பெயரும் வீட்டு ஆட்களும் தெரிகிறது, சொன்ன பதில் மட்டும் தங்கவில்லை. சில மணி நேரத்தில் தானாகத் தெளியும் தற்காலிக மறதியாக அது இருக்கலாம். ஆனால் பக்கவாதமா, வலிப்பா என்று வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் எது சேர்ந்தாலும், சேராவிட்டாலும், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளியானால் வண்டி வருவதற்குள் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால், உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். தூங்கி எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் மறதி அடிக்கடி வந்தால் வலிப்பு நோயை நினைக்க வேண்டும். ஓரிரு நாளில் குழப்பம் ஏறி இறங்கினால் சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைவோ இருக்கலாம். தலையில் அடிபட்டுச் சில வாரம் கழித்து மந்தமானாலும் ஸ்கேன் தேவை, அதிலும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு.

மெதுவாக வரும் மறதிக்குத்தான் சேஜ். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வாயில் வராமல் சாயங்காலம் நினைவுக்கு வருவதற்கு மருத்துவமனை வேண்டாம். பத்து நிமிடம் முன் சொன்னதையே புதிதாகச் சொல்வது, பழகிய தெருவில் வழி தப்புவது, பேங்க் கணக்கில் குளறுபடி, இதையெல்லாம் அவர் உணராமல் வீட்டார்தான் கவனிப்பது: இவை காத்திருக்கக் கூடாதவை. தாளோடு எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள். பி12, தைராய்டு, சோடியம் பரிசோதனைகளைக் கேளுங்கள். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். ஊசியோ மாத்திரையோ போட்டால் சரிசெய்யக் கூடியது.

நம்மவர்களுக்கு இந்தத் தாளில் ஒரு குறை உண்டு. அமெரிக்க வடிவம் ஒன்றில் நிக்கல் என்னும் ஐந்து சென்ட் நாணயத்தை வைத்துக் கணக்கு வருகிறது. பிள்ளைகளோடு நியூ ஜெர்ஸியில் இருக்கப் போன அம்மாவுக்கு அதில் மதிப்பெண் போனால், போனது நினைவாற்றல் இல்லை. எழுதிப் பழகாதவருக்கு இந்தத் தாளே பொருந்தாது. அவருக்கு செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஏடி8 (AD8) கேள்வித்தாள் மேல்: எட்டுக் கேள்வி, பதில் சொல்வது கூட வாழ்பவர், மூன்று நிமிடம். முன்பு இருந்ததைவிட மாறியிருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி; இரண்டுக்கு "ஆம்" வந்தாலே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடலாம்.