டேட்டாடேபிள்ஸ், சர்வர் பக்க முறையில்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

டேட்டாடேபிள்ஸ் என்பது வலைப்பக்க அட்டவணைகளுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். சின்ன அட்டவணைக்கு அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு வரி எழுதினால் தேடல், வரிசையாக்கம், பக்க எண்கள் எல்லாம் வந்துவிடும். பதிவுகள் பல ஆயிரங்களைத் தாண்டி, சர்வரிலிருந்து பக்கம் பக்கமாக வாங்கும் முறைக்கு மாறிய பிறகுதான் அதன் குணம் தெரியும். இந்தப் பகிர்வு அந்த முறையைப் பற்றியது மட்டுமே.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அட்டவணை தப்பாகக் காட்டுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் நூலகத்தில் இல்லை. சர்வர் அனுப்பும் பதிலிலும் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியிலும், அதாவது வினவலிலும், இருக்கிறது. அதனால் ஜாவாஸ்கிரிப்டைத் தோண்டும் முன் பிரவுசரின் நெட்வொர்க் டேபைத் திறந்து, இரண்டாம் பக்கத்தைக் கிளிக் செய்து, போன கோரிக்கையையும் வந்த பதிலையும் படியுங்கள். பக்கத்துக்கு 25 பதிவு என்றால் 'ஸ்டார்ட்' (எத்தனை பதிவைத் தாண்டுவது) 25 ஆகவும் 'லெங்த்' (எத்தனை எடுப்பது) 25 ஆகவும் போக வேண்டும். பதிலில் நான்கு விஷயம்: 'டிரா' (கோரிக்கையின் வரிசை எண்), 'ரெக்கார்ட்ஸ்டோட்டல்' (மொத்தப் பதிவுகள்), 'ரெக்கார்ட்ஸ்ஃபில்டர்ட்' (வடிகட்டிய பின் மொத்தம்), 'டேட்டா' (அந்தப் பக்கத்தின் பதிவுகள்).

அடுத்த பக்கப் பொத்தான் செத்துக் கிடந்தால் மூன்றாவதைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் வந்த பதிவுகளை எண்ணி 25 என்று அனுப்பியிருப்பார்கள். அது வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சும் மொத்த எண்ணிக்கையாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: தேடும்போதும் முழு மொத்தத்தையே அனுப்பினால் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் வரிசை கட்டும்.

பதில் சரியாக வந்தும் திரையில் எதுவும் மாறவில்லை என்றால் 'டிரா' எண். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இது ஒன்று கூடும். சர்வர் அதே எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். மாதிரிப் பதிலை நகலெடுத்து 1 என்றே நிரந்தரமாக வைத்துவிட்டால் முதல் பக்கம் மட்டும் வரும், அதன் பின் வருவதையெல்லாம் பழைய பதில் என்று நூலகம் தள்ளிவிடும். இந்த எண்ணை அடியோடு விட்டுவிட்டால் அட்டவணை ஓடும். ஆனால் வேகமாகத் தட்டச்சு செய்யும்போது தாமதமாக வரும் பழைய பதில் புதியதை மூடிவிடும். திருப்பி அனுப்பும் முன் முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். வந்த எழுத்தை அப்படியே எதிரொலிப்பது ஸ்கிரிப்ட் நுழைய வழி.

பிழை வந்தால் அலர்ட் பெட்டி போடுவது இதன் இயல்புநிலை. உருவாக்கும்போது உதவி, பயனருக்குத் தொல்லை. 'எர்ர்மோட்' அமைப்பை 'த்ரோ' என்று மாற்றிவிடலாம். எச்சரிக்கை எண்கள் பயனுள்ளவை. ஏழு என்றால் கோரிக்கையே தோற்றது. ஒன்று என்றால் வந்தது ஜேசன் அல்ல, அதாவது நூலகம் எதிர்பார்க்கும் தரவு வடிவம் அல்ல. பெரும்பாலும் செஷன் முடிந்து லாகின் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் 'எல்லாம் சரி' என்னும் 200 குறியோடு வந்திருக்கும். நான்கு என்றால் நெடுவரிசை கேட்கும் புலம் பதிவில் இல்லை.

நெடுவரிசை கூட்டியதும் திடீரென 404 ('பக்கம் இல்லை') பிழை வருகிறதா? ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஆறு அளவுருக்கள் முகவரியில் சேர்ந்து போகின்றன. சதுர அடைப்புகள் சதவீதக் குறியாக மாறியபின் ஒன்றுக்குச் சுமார் 200 எழுத்து. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வலை சர்வரில் முகவரியின் இந்தப் பகுதிக்கு இயல்பான வரம்பு 2048 எழுத்து. ஆகப் பத்தாவது நெடுவரிசையில் முட்டும். அளவுருக்களை முகவரியில் வைக்காமல் கோரிக்கையின் உடலில் அனுப்பும் போஸ்ட் முறைக்கு மாற்றினால் போதும்.

இனி உண்மையான தலைவலி. "மூன்றாம் பக்கத்தில் பார்த்த பதிவு நான்காம் பக்கத்திலும் இருக்கிறது, இன்னொன்றைக் காணவே காணோம்" என்ற புகார். பயனர் 'நிலை' என்ற நெடுவரிசையில் வரிசைப்படுத்துகிறார். அதில் நான்கே மதிப்புகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் பதிவுகள். சம மதிப்புள்ளவற்றை எந்த ஒழுங்கில் தருவது என்று டேட்டாபேஸுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற இரண்டு டேட்டாபேஸ்களின் ஆவணங்களும் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. ஒவ்வொரு பக்கமும் தனி வினவல் என்பதால் ஒழுங்கு மாறலாம். பயனர் எதைத் தேர்ந்தாலும் வினவலில் வரிசையைச் சொல்லும் 'ஆர்டர் பை' வரியின் கடைசியில், ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தன்மையான முதன்மைச் சாவியைச் சர்வரே சேர்க்க வேண்டும். சோதனைத் தரவில் இந்தப் பிழை அநேகமாகத் தலைகாட்டாது, ஏனென்றால் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

அதற்கு அண்ணன் முறை ஜாயின் பிழை, அதாவது இரண்டு அட்டவணைகளை இணைத்துக் கேட்கும் வினவலில் வருவது. ஒரு வாடிக்கையாளர் ஆர்டரில் மூன்று பொருள் என்றால் ஜாயினில் மூன்று வரி. லிமிட் (எடுக்கும் வரி எண்ணிக்கை) 25 போட்டால் திரையில் எட்டொன்பது ஆர்டர்தான். முதலில் ஆர்டர் எண்களை மட்டும் பக்கமிட்டு எடுத்து, பிறகு பொருள்களைத் தனி வினவலில் கொண்டுவாருங்கள். ஜாவாவின் டேட்டாபேஸ் நூலகமான ஹைபர்நேட்டில் ஹெச்ஹெச்ஹெச்000104 எச்சரிக்கை தெரிந்தால் அது முழுவதையும் நினைவகத்துக்கு இழுத்து அங்கே பக்கமிடுகிறது என்று பொருள்.

வேகம். ஆஃப்செட் (தாண்ட வேண்டிய பதிவுகள்) 100000 என்றால் டேட்டாபேஸ் 100025 பதிவுகளைக் கடந்து, லட்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 25ஐத் தரும். முதல் பக்கம் பறப்பதும் கடைசிப் பக்கம் தவழ்வதும் இதனால்தான். கடைசியாகப் பார்த்த பதிவின் தேதியையும் ஐடியையும் வைத்து "இதற்குப் பின் 25" என்று கேட்கும் கர்சர் முறை இதைத் தீர்க்கும். 26 ஆகக் கேட்டால் அடுத்த பக்கம் உண்டா என்பதும் தெரிந்துவிடும். ஆனால் டேட்டாடேபிள்ஸ் பக்க எண்ணை நம்பி எழுதப்பட்டது. எண்களை மறைத்து முன், பின் பொத்தான்கள் மட்டும் வைத்தால் ஓரளவு பொருத்தலாம். நானூறாம் பக்கத்துக்குத் தாவ வேண்டும் என்று யாராவது கேட்டால், அவருக்குத் தேவை தேதி வடிகட்டி.

கர்சரில் ஒரு நுணுக்கம்: போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோவிநாடி வரை வைக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டின் 'டேட்' மில்லிவிநாடியோடு நின்றுவிடும். .123456 என்பது .123 ஆகிவிட்டால், இறங்கு வரிசையில் இடைப்பட்ட பதிவுகள் சத்தமில்லாமல் தாண்டப்படும். ஏறு வரிசையில் கடைசிப் பதிவு மறுபடி வரும். கர்சரைச் சர்வரே எழுத்தாகக் கட்டிக் கொடுக்கட்டும், பிரவுசர் அதைத் தொடாமல் திருப்பி அனுப்பட்டும்.

எண்ணிக்கை வினவல்தான் பல நேரம் பக்க வினவலைவிட மெதுவானது. மொத்த எண்ணை ஒரு நிமிடம் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைக்கலாம். வடிகட்டிய எண்ணுக்கு உள்வினவலில் லிமிட் 1001 போட்டு, அதை எட்டினால் "1000க்கு மேல்" என்று காட்டுங்கள். அதோடு பக்கங்களும் நின்றுவிடும், பயனர் தேடலைக் குறுக்கிக்கொள்வார்.

திரைப் பக்கத்தில் தொல்லைகள் சிறியவை, ஆனால் திரும்பத் திரும்ப வருபவை. திருத்து பொத்தான் முதல் பக்கத்தில் மட்டும் வேலை செய்தால் கிளிக்கை டேபிள் உடலில் கட்டுங்கள், பொத்தானில் அல்ல. பதிவைத் திருத்தியபின் முதல் பக்கத்துக்கு ஓடாமலிருக்க 'ரீலோட்' அழைப்பின் இரண்டாம் மதிப்பு 'ஃபால்ஸ்'. அதே பக்கத்தில் நிற்கும்போது கடைசிப் பதிவை அழித்தால் வெற்றுப் பக்கம் வரலாம். அதை நீங்களே சோதித்து ஒரு பக்கம் பின்னே போக வேண்டும். மறைந்த டேபில் தலைப்பு கோணலானால் டேப் திறந்ததும் 'காலம்ஸ் அட்ஜஸ்ட்'. பக்கம், வரிசை, தேடல் ஆகியவற்றைப் பிரவுசரில் சேமிக்கும் 'ஸ்டேட்சேவ்' நினைவு இயல்பாக இரண்டு மணி நேரம். "தேடல் பெட்டி காலி, ஆனால் பதிவுகள் குறைவு" என்றால் சேமித்த நெடுவரிசை வடிகட்டியைச் சந்தேகியுங்கள். எக்செல் ஏற்றுமதிப் பொத்தான் சர்வர் பக்க முறையில் திரையில் உள்ள 25ஐ மட்டுமே எடுக்கும். முழு ஏற்றுமதியைச் சர்வரில்தான் எழுத வேண்டும். இதைப் பயனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தமிழ்ப் பெயர்கள் உள்ள அட்டவணைக்கு இரண்டு கூடுதல் கவனம். யூனிகோட் எண் வரிசையில் ன, லவுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் மலருக்கு முன் மனோகரன் வந்து நிற்பார். போஸ்ட்கிரெஸில் தமிழ் ஐசியு கொலேஷன் (மொழிக்கேற்ற வரிசை விதி) வைத்தால் சரியாகும். இரண்டாவது தேடல்: 'கொ' என்பதை ஒற்றைக் கொம்புக்கால் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, வினவலுக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றினால் "இருக்கிற பெயரைக் காணோம்" புகார் நிற்கும்.

டேட்டாடேபிள்ஸ் சார்ந்திருக்கும் ஜேகுவெரி நூலகம் ஏற்கெனவே இருக்கும் பழைய பயன்பாட்டில் இதை மாற்றக் காரணம் இல்லை. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் புதிதாகத் தொடங்குபவர்கள் டான்ஸ்டாக் டேபிள் என்ற அட்டவணை நூலகத்தை எடுக்கலாம். அங்கே பக்க எண் பூஜ்யத்தில் தொடங்கும், பக்கமிடுதலைச் சர்வரிடம் விடும் 'மேனுவல்பேஜினேஷன்' போட்டால் வடிகட்டி மாறும்போது முதல் பக்கத்துக்குத் தானாகத் திரும்பாது, அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.