‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ – மூன்றாம் சுற்றில் பிடிபடுபவை

2005 முதல் 2008 வரை வந்த அமெரிக்க அனிமேஷன் தொடர். 3 சீசன், 61 எபிசோட். முதல் தடவை சண்டையும் சிரிப்பும்தான் மனதில் நிற்கும். திரும்பப் பார்க்கும்போதுதான், முக்கியமான பிள்ளைகளில் ஒருவர்கூடத் தாய் தகப்பனோடு நிம்மதியாக இல்லை என்பது உறைக்கும்.

குழந்தைகளோடு பார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, ‘கதை நகரவில்லை’ என்று சில எபிசோடுகளைத் தாண்டுவது. நாயகன் ஆங்கோடு பயணிக்கும் கட்டாராவின் கழுத்தணியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சீசன் 6ஆம் எபிசோடில் அது தொலைகிறது, ஆங்கைத் துரத்தும் இளவரசன் சூக்கோ கையில் சிக்குகிறது. 9இல் அதைக் காட்டியே அவளிடம் பேரம் பேசுகிறான். 15இல் அதன் வாசனையை வைத்துத் துரத்துகிறார்கள். முடிவில் ஆங் அதை மீட்டுத் தருகிறான். 18இல்தான் விஷயம் உடைகிறது: அம்மாவின் நினைவாக அவள் போட்டிருப்பது, பாட்டி வேண்டாமென்று விட்டுவந்த கல்யாணத்துக்கான நிச்சய அணி. சொத்தாக வந்த பொருளுக்குள் ஒரு மறுப்பு ஒளிந்திருக்கிறது. 15ஐத் தாண்டினால் இந்த நூல் அறுந்துவிடும். அப்பா போருக்குப் போன பிறகு அவள் அண்ணன் சொக்கா சுமக்கும் பாரமும் அதில்தான் வெளிப்படுகிறது.

இரண்டாம் சீசனில் 7ஐயும் 15ஐயும் பிரிக்கக் கூடாது. சூக்கோவின் பெரியப்பா ஐரோவின் மகன் போரில் இறந்த செய்தி 7இல் கடிதமாக வருகிறது. அது தெரியாதவருக்கு, 15இல் மரத்தடியில் அவர் ஏன் அழுகிறார் என்பது பாதிதான் புரியும். ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாக்கோ 2006இல் காலமானார். குட்டிக் கதைகளாக ஓடும் 15இல், ஐரோவின் கதை முடிவில் அவருக்கான அஞ்சலி அட்டை வரும். மறுநொடியே ஆங்கின் மிருகக்காட்சிசாலைக் கலாட்டா தொடங்கிவிடும். அட்டை வந்ததும் நிறுத்திவிடுங்கள். தானாக ஓடவிட்டால் அந்தத் துக்கம் இறங்க இடமே கிடைக்காது.

சின்னக் குழந்தைகளை உண்மையில் உலுக்குவது ஆங்கின் பறக்கும் காட்டெருமை காணாமல் போவதுதான். அதன் பெயர் அப்பா. ‘அப்பாவைக் காணோம்’ என்று தமிழ்க் காதில் விழும்போது தொடரை எடுத்தவர்கள் நினைத்தே இருக்காத ஒரு கனம் சேர்ந்துகொள்கிறது. அதே இரண்டாம் சீசன் 10இல் அது திருடுபோகிறது, 17இல்தான் ஆங்கிடம் திரும்புகிறது. 16 முழுக்க அது படும் பாடு. அதில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகச் சொல்லாதீர்கள், 17ஐயும் சேர்த்தே போடுங்கள். அமெரிக்கத் தரக்குறியீடு ஏழு வயதுக்கு மேல் என்கிறது. அது இந்த எபிசோடுக்குச் சரியாகவே பொருந்தும்.

மூன்றாம் சீசன் 16தான் தொடரின் துணிச்சல். கட்டாராவின் தாயைக் கொன்றவன் எதிரே நடுங்கி நிற்கிறான். கட்டாரா அவனைக் கொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை. குழந்தைகள் “அப்போ அவ நல்லவளா?” என்று கேட்பார்கள். அவசரப்பட்டு மன்னிப்பின் மேன்மையைப் போதித்தால் எபிசோட் சொன்னதற்கு நேர் எதிரானதைச் சொன்னவர்கள் ஆவீர்கள்.

குறை என்றால் சூக்கோவின் தாய் உர்சா. கடைசி எபிசோடில் சிறையிலிருக்கும் தகப்பனிடம் “அம்மா எங்கே?” என்று கேட்கிறான். பதில் இல்லாமலே காட்சி வெட்டப்படுகிறது. விடை 2013இல் வந்த ‘த சர்ச்’ காமிக்ஸில்தான். அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பது நல்லது; தொடர் முடிந்த கையோடு கேள்வி வந்துவிடும்.