வடக்கு 11 டிகிரியில் இருந்தால் எந்த மவுண்ட்?

வான்படம் (இரவு வானத்தைப் படமெடுப்பது) பழக 80 மிமீ ரிஃப்ராக்டரும் (லென்ஸ் வைத்த தொலைநோக்கி) பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் போதும். அதைத் தாங்கித் திருப்பும் மவுண்டாக, பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் ஈக்வடோரியல் வாங்குவதா, மேல்-கீழ், இட-வலமாகத் திரும்பித் தானே நட்சத்திரத்தைத் தொடரும் ஆல்ட்-ஆஸ் வாங்குவதா என்பதுதான் கேள்வி. ஆல்ட்-ஆஸ் இலகு, பொதுவாக மலிவு, அதில் விவாதமில்லை. பொள்ளாச்சி, பல்லடம், கோபி பக்கத்துத் தோட்டத்துச் சாளையில் பழகுகிறவருக்கு ஆல்ட்-ஆஸையே சொல்வேன். காரணம் நம் 11 டிகிரி அட்சரேகை.

ஈக்வடோரியலின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். நமக்கு அது வடக்கே 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. 50 மீட்டர் தள்ளி 12 மீட்டர் தென்னை இருந்தாலே மறைந்துவிடும். தெரிந்தாலும் அச்சு கிட்டத்தட்டப் படுத்த நிலைக்கு வரும். ட்ரைபாட் காலை வடக்கே வைத்தால் தொலைநோக்கிக்குச் சமநிலை தரும் எதிர்எடைக் கம்பி அதில் இடிக்கும். காலைத் திருப்பி வைத்தால் பாரம் வடக்கே சாயும். பல மவுண்ட்களில் அச்சின் சாய்வை வைக்கும் உயரத் திருகு அவ்வளவு கீழே இறங்காது. வாங்குமுன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஆல்ட்-ஆஸின் குறை, படச் சட்டத்துக்குள் வானம் சுழல்வது. நடுவில் நட்சத்திரம் புள்ளியாக இருக்கும், மூலையில் கோடாகும். இந்தச் சுழற்சி நேர் கிழக்கிலும் மேற்கிலும் மிகக் குறைவு, உச்சிக்குப் பக்கத்தில் மிக அதிகம். நம் ஊரில் ஓரியன் நெபுலா (ஓரியன் விண்மீன் குழுவில் உள்ள ஒளிரும் வாயு மேகம்) கிழக்கே எழுந்து ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறுவது இங்கே கைகொடுக்கிறது. மார்கழி நடுவில் இரவு 8 மணிவாக்கில் அது 40 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது 30 வினாடிப் படத்தில், 6000×4000 பிக்சல் கேமராவின் மூலையில் இழுவை 3 பிக்சல்தான். அதே படத்தை 11.15 மணிக்கு, அது உச்ச உயரம் தொடும்போது எடுத்தால் 27 பிக்சல்.

ஆகவே 8 மணிக்குத் தொடங்கி 15 வினாடிப் படங்களாக எடுங்கள். நெபுலா 60 டிகிரி உயரத்தை நெருங்கும்போது 10 வினாடிக்கு இறக்குங்கள். ஒன்றரை மணி நேரத்தில் 300 படம் தேறும். பல படங்களை ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்கிங் மென்பொருள் படங்களுக்கு இடையிலான சுழற்சியைத் திருத்திவிடும். ஒரே படத்துக்குள் விழுந்த இழுவையைத் திருத்தாது, அதனால்தான் வினாடிக் கணக்கில் இத்தனை கறார். அடுக்கிய படத்தின் ஓரங்களை வெட்ட வேண்டிவரும். நெபுலாவை நடுவில் வையுங்கள்.

தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து 31, 32 டிகிரிதான் ஏறும். அங்கே சுழற்சி வேகம் கூடுதல், ஆனால் கொத்து நடுவில் இருப்பதால் 15 வினாடி தாங்கும்.

ஹைட்ரஜன் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் போட்டு ஒரு படத்துக்கு 5 நிமிடம் என்று போகிறவருக்கு ஈக்வடோரியல்தான் வழி. அவர் ட்ரைபாடை விட்டுவிட்டு, கோவை லேத் பட்டறையில் 6 அங்குல இரும்புக் குழாய்த் தூண் செய்து, மணல் நிரப்பி, கான்கிரீட்டில் நடட்டும். கம்பி இடிக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழி வரும் ஆடிக் காற்றில் மட்டும் இரண்டு மவுண்டும் ஆடும். அந்த மாதங்களில் மேகமும் விடாது.