விவிடி வண்டி வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீ கேட்ட நேரம் சரியில்லை, என் வண்டி இப்போதுதான் ஒர்க்ஷாப்பிலிருந்து வந்திருக்கிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நியாயமாகச் சொல்கிறேன்.

ஓட்டுவதற்கு இந்த விவிடி (வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றிக்கொள்ளும்) இன்ஜினைப்போல எனக்கு வேறு அமைந்ததில்லை. பர்மாவில் 1970-இலிருந்து சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் லாரி போனால் எதிரே வருவது நம் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவர் 'போ' என்றதும் வண்டி அந்த நொடியே இழுக்க வேண்டும். என் 1.5 லிட்டர் இழுக்கும். தாஸியிலிருந்து கலோ மலை ஏறும்போதும் அப்படித்தான், இன்ஜினை அலறவிட வேண்டியதில்லை. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை ஓட்டத்துக்கு ஏற்ப அது மாற்றிக்கொண்டே இருக்கிறது.

எரிச்சல் என்னவென்றால், அதை மாற்றுவது இன்ஜின் ஆயில். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் கியருக்குள் சின்னச் சின்ன அறைகள், ஆயில் ஒரு பக்கம் அழுத்தினால் கேம் முன்னால் திரும்பி வால்வு சீக்கிரம் திறக்கும், மறுபக்கம் அழுத்தினால் பின்னால் வரும், எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது விரல் நீள ஆயில் வால்வு ஒன்று. எனக்கு முன் வைத்திருந்தவர் ஆயிலைக் கவனிக்கவே இல்லை போல. அந்த வால்வின் சல்லடையில் கசடு அடைத்து, கேம் முன்னால் திரும்பியபடியே சிக்கிக்கொண்டது. அப்புறம் ஐடிலில், அதாவது வண்டி நிற்கையில் இன்ஜின் ஓடும்போது, இன்டேக்கும் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடி, புகை உள்ளேயே கலந்து, யாங்கோன் பியே சாலை நெரிசலில் நடுங்கி நடுங்கி அணைந்தது. ஸ்கேனரில் பி0011, கேம் அளவுக்கு மேல் முன்னால் திரும்பியிருக்கிறது என்ற பிழைக் குறி. ஒரு மெக்கானிக் பார்க்காமலே கேமைச் சுழற்றும் டைமிங் செயினை மாற்றச் சொன்னார்! கழற்றிப் பார்க்கச் சொல்லி நான் சண்டை போட வேண்டியிருந்தது. அந்த ஆயில் வால்வையும் ஆயிலையும் மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஹோண்டா விடெக் பற்றியும் கேட்டிருந்தாய். 1989-இல் வந்த அது வேறு வகை, கேமின் வேறு மேட்டுக்கு மாறி வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதையும் மாற்றும். ஆனால் அதற்கும் ஆயில் அழுத்தம்தான் உயிர்.

என் பதில், வாங்காதே. ஆயிலைத் தள்ளிப்போடும் உனக்கு விவிடி இல்லாத பழைய இன்ஜினே போதும். பிடிவாதமாக வாங்குவதானால் காலையில் முதல் ஸ்டார்ட்டை நீயே போய்க் கேள். ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் வந்தால் இன்ஜின் நிற்கும்போது கேம் கியரைப் பிடித்து வைக்கும் பூட்டு ஊசி தேய்ந்திருக்கலாம், எவ்வளவு விலை குறைத்தாலும் வந்துவிடு.