24 மணி நேர பிபி மானிட்டர்: டெஸ்ட் சூப்பர், லேப் சுமார்

அண்ணனுக்கு கிளினிக்ல எப்ப பாத்தாலும் பிபி நார்மல்தான், ஆனா எக்கோ ஸ்கேன்ல இதய தசை லேசா தடிச்சிருக்குன்னு வந்ததால ராத்திரியும் பாத்துரலாம்னு டாக்டர் இந்த டெஸ்ட் எழுதினாரு. இடுப்புல ஒரு சின்ன பெட்டி, கையில பட்டை, பகல்ல 20 நிமிஷத்துக்கு ஒருக்கா ராத்திரி அரை மணிக்கு ஒருக்கா உப்பி இறுக்கும், அப்ப கைய ஆட்டுனா எரர் காட்டிட்டு திரும்பவும் இறுக்கும். தூக்கம் கெடும்தான்.

தூங்கும்போது பிபி பகலைவிட 10லருந்து 20 சதவீதம் இறங்கணும், ராத்திரி சராசரி 120/70க்குள்ள இருக்கணும். அண்ணனுக்கு மேல் நம்பர் பகல்ல 131, ராத்திரி 126. அதாவது இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவே இல்ல.

ரிப்போர்ட்ட பாத்துட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கோவத்த உள்ளயே வெச்சுக்குற ஆளான்னு. அண்ணி சிரிச்சுட்டாங்க. மனுஷன் சத்தம் போட்டு யாரும் பாத்ததில்ல, ஆனா எப்பவோ கல்யாண வீட்ல பங்காளி பேசுன பேச்ச இன்னிக்கும் வரி மாறாம சொல்லுவாரு. இந்த மாதிரி பகை, கவலைய மனசுல ஓட்டிட்டே இருக்குறவங்களுக்கு ராத்திரி பிபி சரியா இறங்காம போறத சில ஆராய்ச்சியில பாத்திருக்காங்களாம், ஆள் படுத்தாலும் உடம்ப உஷாரா வெச்சிருக்குற சிம்பதெடிக் நரம்பு அடங்காம ரத்தக்குழாய இறுக்கியே வெச்சிருக்கும்னு சொன்னாரு. எல்லா ஆராய்ச்சியிலயும் அப்படி வரல, குறட்டையோட மூச்சு அடைக்கிறது, சுகர், கிட்னி, உப்பு எல்லாமே இதே வேலைய பண்ணும், அதனால குணத்து மேல பழிய போட்டுட்டு சும்மா இருக்காதீங்கன்னு ஸ்லீப் டெஸ்டும் எழுதிட்டாரு.

இப்ப லேப் கதை. அண்ணன் கை தடிமன், சின்ன பட்டை போட்டா பிபி கூடுதலா காட்டும், நாங்க கேட்டப்புறம்தான் பெரிய பட்டை தேடி எடுத்தாங்க. எப்ப படுத்தோம், எப்ப எந்திரிச்சோம்னு எழுத ஒரு ஷீட் குடுத்தாங்க, முழுக்க இங்கிலீஷ், விளக்கம் கிடையாது. அதுல அண்ணன் எழுதுன நேரத்த யாரும் பாக்கவே இல்ல, மெஷின்ல இருந்த 10 மணி டு 6 மணியவே தூக்கமா எடுத்து முதல் ரிப்போர்ட் அடிச்சுட்டாங்க. அவரு படுத்ததே 12:30க்கு! சண்டை போட்டதும் நேரத்த மாத்தி வேற பிரிண்ட் குடுத்தாங்க, மேல சொன்ன நம்பர் அதுலருந்துதான்.

கடைசியில 24 மணி நேரம்னு பேரு, காலையிலயே பெட்டி வேணும்னு போன் மேல போன் பண்ணி 21 மணி நேரத்துல கழட்ட வெச்சுட்டாங்க, காசு மட்டும் முழுசா வாங்கிட்டாங்க. 5க்கு 2, அதுவும் பட்டை கட்டிவிட்ட அந்த பொறுமையான பொண்ணுக்காக.