தங்கும் கார்டு வாங்க என் அரசுத் தளக் கணக்கை இன்னொருவரிடம் கொடுத்தேன்: பிரான்சில் படிக்கும் தம்பி தங்கைகள் கவனத்துக்கு

இது 2024 மே மாதம். செப்டம்பரில் விசா முடிகிற மாணவர்களுக்குப் புதுப்பிக்கும் காலம் தொடங்கிவிட்டது. போன வருடம் இதே நாட்களில் நான் செய்த ஒரு தவறால் மூன்று மாதத்துக்கும் மேல் முறையான காகிதம் இல்லாமல் தவித்தேன். வேறு யாருக்கும் அது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரன். 2022 செப்டம்பரில் இரண்டு வருட மாஸ்டர்ஸ் படிக்கப் பாரிஸ் வந்தேன். நமக்குத் தருவது ஒரு வருட நீண்டகால விசா. வந்து மூன்று மாதத்துக்குள் அரசுத் தளத்தில் கட்டணம் (2022இல் 50 யூரோ) கட்டிப் பதிவு செய்தால் அதுவே அந்த ஒரு வருடத்துக்குத் தங்கும் அனுமதி. இரண்டாம் வருடத்துக்கு விசாவை நீட்டித்துத் தர மாட்டார்கள், அதற்குப் பதிலாகத் தங்கும் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விசா முடிவதற்கு நான்கு மாதம் இருக்கும்போது தொடங்கி, இரண்டு மாதம் மீதமிருக்கும்போதே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். என் விசா செப்டம்பர் 9 வரை. அப்படியென்றால் ஜூலை 9க்குள்.

ஜூன் முழுக்கப் பரீட்சை. ஒருநாள் இரவு உட்கார்ந்து முயன்றேன். புகைப்படக் குறியீடு (போட்டோ பெட்டியில் படம் எடுத்தால் கிடைக்கும் எண்) கேட்கும் பக்கத்தில் தளம் நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றும் அதே கதைதான். என் பிரெஞ்சு அப்போது கடையில் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான். பயம் வந்துவிட்டது. கூடப் படித்த ஒரு பையன், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் நம் ஊர்க்காரர் ஒருவர் இதையெல்லாம் செய்து தருகிறார் என்று எண் கொடுத்தான்.

கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். ஒரு போன் கடையின் மாடியில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர். நான் பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே, "தம்பி தஞ்சாவூர்ப் பக்கமா? நமக்கு மாயவரம்" என்றார். அங்கேயே நான் பாதி சாய்ந்துவிட்டேன். பத்து மாதமாக நம் ஊர்ப் பேச்சுக்கு ஏங்கிக் கிடந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இங்கே தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும். "ப்ரெஃபெக்சூர்ல நமக்கு ஆள் இருக்கு, நீங்க படிப்பைப் பாருங்க" என்றார். ப்ரெஃபெக்சூர் என்பது தங்கும் கார்டு தரும் அரசு அலுவலகம். 250 யூரோ, ரொக்கம். ரசீது கேட்டேன். "நமக்குள்ள எதுக்குத் தம்பி?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

பாஸ்போர்ட், விசா, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அப்புறம் என் அரசுத் தளக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டார். கொடுத்தேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரிதான் உங்கள் மனதில் நிற்கும் என்றால், அது இந்த வரியாக இருக்கட்டும்: கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். ப்ரெஃபெக்சூர் நம்மிடம் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். வந்திருக்கிறது என்ற அறிவிப்பு, அதில் பதிந்துள்ள மின்னஞ்சலுக்குத்தான் போகும். அவர் முதல் வேலையாக என் மின்னஞ்சலை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டிருக்கிறார், கடவுச்சொல்லையும் மாற்றியிருக்கிறார். எனக்கு இது அக்டோபரில்தான் தெரிந்தது.

ஜூலை 5 அன்று விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான உறுதிச் சீட்டை அனுப்பினார். அது உண்மையான சீட்டுதான். ஆனால் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இங்கே தங்கும் உரிமை எதையும் காட்ட முடியாது. கோப்பு வந்து சேர்ந்தது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. விசா தேதி தாண்டிய பிறகு நம்மைக் காப்பாற்றுவது வேறொரு காகிதம், பரிசீலனை நீடிப்புச் சான்று என்று சொல்லலாம். பரிசீலனை முடியும்வரை பழைய உரிமைகள் தொடரும் என்று அதில் எழுதியிருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் நிம்மதியாகத் தூங்கினவன் நான்.

ஆகஸ்டில் இரண்டு முறை கேட்டேன். "ஆகஸ்ட்ல பிரான்சே லீவுல இருக்கும் தம்பி" என்றார். அதுவும் உண்மை என்பதால் நம்பினேன். செப்டம்பர் 9 தாண்டியது. செப்டம்பர் 12 அன்று அந்த நீடிப்புச் சான்று என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார். என் பெயர், பிறந்த தேதி, முத்திரை எல்லாம் இருந்தது. நான் வார இறுதியில் அடுக்குகளில் சாமான் அடுக்கும் வேலை பார்த்த சூப்பர் மார்க்கெட்டில் அதைக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து அங்கே பணியாளர் விவகாரம் பார்க்கும் அம்மா கூப்பிட்டார். திட்டவில்லை. என் பழைய கோப்பையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒரு எண்ணைக் காட்டினார். வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்கத்தில் ஒரு எண் உண்டு, அது மாறவே மாறாது. தாளில் இருந்த எண் என்னுடையதில்லை. வேறு யாருடைய சான்றிலோ என் பெயரை ஒட்டியிருக்கிறார். இப்படிப்பட்ட அரசுச் சான்றைப் போலியாகச் செய்தாலோ பயன்படுத்தினாலோ இந்த நாட்டுச் சட்டத்தில் ஐந்து வருடச் சிறையும் 75,000 யூரோ அபராதமும் வரை உண்டு. அதை வேலை செய்யும் இடத்தில் நானே கையால் நீட்டியிருந்தேன். அன்று மாலை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

போன் செய்தேன். "சிஸ்டத்துல தப்பு, ஆளைப் பிடிச்சு ரந்தேவு வாங்கிடலாம், 400 யூரோ ஆகும்" என்றார். அதுவும் பொய். ப்ரெஃபெக்சூரில் ரந்தேவு, அதாவது சந்திப்பு நேரம், வாங்க யாரும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. காலியாகும் நேரங்களைப் பிடித்து விற்கும் கும்பல்கள் பல வருடமாகவே இங்கே பிழைப்பு நடத்துகின்றன. பணம் இல்லை என்றேன். அன்றிரவே வாட்ஸ்அப்பில் தடை செய்துவிட்டார். மறுநாள் போனால் மாடி மேசை காலி. கீழே போன் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "தம்பி, உம்மை மாதிரி இந்தக் கிழமை வாற மூண்டாவது ஆள் நீர். அவர் மேசையை வாடகைக்கு எடுத்தவர், இப்ப போனும் எடுக்கிறேல்லை" என்றார். தேநீர் வாங்கிக் கொடுத்து, அந்த மனிதரின் பெயரையும் வாடகைச் சீட்டின் நகலையும் தந்தார். புகார் கொடுக்கும்போது என் கையில் இருந்த ஒரே நல்ல ஆதாரம் அதுதான்.

அதன் பிறகு நான் செய்தது எல்லாம் முதலிலேயே செய்திருக்க வேண்டியவை, எல்லாமே இலவசம். ப்ரெஃபெக்சூர்களில் இணைய விண்ணப்பத்துக்கு உதவ ஒரு மேசை இருக்கிறது. பாஸ்போர்ட்டோடு போனேன். அங்கிருந்த பெண் என் கணக்கை என் மின்னஞ்சலுக்கு மீட்டுக் கொடுத்தார். உள்ளே திறந்து பார்த்தபோது கை நடுங்கியது. ஜூலை 21 அன்றே கேட்டிருக்கிறார்கள்: மதிப்பெண் பட்டியல் இல்லை, முகவரிச் சான்று பொருந்தவில்லை, 30 நாளுக்குள் அனுப்பவும். நான் மாணவர் விடுதியில் இருக்கிறேன். அந்த மாயவரத்துக்காரர் போட்டிருந்ததோ, முன்பின் தெரியாத யாரோ தன் வீட்டில் என்னைத் தங்க வைத்திருப்பதாக ஒரு கடிதமும் அந்த ஆளின் மின்சார ரசீதும். என் விடுதி வாடகை ரசீதை அவர் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் கொடுத்திருப்பேன். யாரும் பதில் சொல்லாததால் கோப்பை மூடிவிட்டார்கள்.

போலீசுக்குப் போகப் பயந்தேன். காகிதமே இல்லாதவன் போய்ப் புகார் கொடுத்தால் என்னையே பிடித்து வைத்தால்? வெளிநாட்டவருக்குச் சட்ட உதவி செய்யும் சிமாட் அமைப்பின் ஆலோசனை நேரத்துக்குப் போனேன். 1939இலிருந்து இருக்கும் அமைப்பு. அங்கே ஒரு வயதான தன்னார்வலர் இரண்டு மணி நேரம் என்னோடு உட்கார்ந்தார். நான் ஏமாற்றப்பட்டவன் என்பதை முதலில் பதிவு செய்தால்தான் அந்தப் போலிக் கடிதம் என் தலையில் விழாது என்றார். மோசடிக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு என்றும், புகாரை வாங்க மாட்டோம் என்று காவல் நிலையம் சொல்லக் கூடாது என்றும் எடுத்துச் சொன்னார். வாட்ஸ்அப் உரையாடல்களை அச்செடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார்கள், மரியாதையாகவே நடத்தினார்கள். ரசீது கேட்டு வாங்கினேன்.

அக்டோபர் 25 அன்று நானே புதிதாக விண்ணப்பித்தேன். பாஸ்போர்ட், விசா, சேர்க்கைச் சான்று, முதல் வருட மதிப்பெண், மாதம் 615 யூரோ வீதம் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதற்கான சான்று, விடுதி ரசீது. புகைப்படக் குறியீடு ஸ்டேஷன் போட்டோ பெட்டியில் எடுத்தது. முன்பு தளம் நின்றது, நான் சாதாரணப் படத்தை ஏற்ற முயன்றதால்தான். கூடவே நடந்ததை விளக்கி ஒரு கடிதம், புகார் ரசீது, பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கடிதம். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

நீடிப்புச் சான்று டிசம்பர் கடைசியில் வந்தது. கார்டு கையில் கிடைத்தது 2024 மார்ச்சில். மாணவருக்கான 75 யூரோவோடு, தாமதமாக விண்ணப்பித்ததற்கு 180 யூரோ சேர்த்துக் கட்டினேன். வேலை செப்டம்பரிலேயே போயிருந்தது. அரசு தரும் வாடகை உதவியும் நின்றது. அப்பா நகையை அடகு வைத்து அனுப்பினார். இதையெல்லாம் சம்பாதித்துவிடலாம். கார்த்திகையில் அக்கா கல்யாணம் நடந்தது. போனால் திரும்பி உள்ளே வர முடியாது என்பதால் போகவில்லை. முகூர்த்தம் நம்மூரில் காலை ஆறு மணிக்கு, இங்கே இரவு ஒன்றரை. அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். மாலை எடுத்துக் கொடுக்கிற இடத்தில் சித்தப்பா பையன் நின்றான்.

250 யூரோ திரும்பவில்லை. புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. போன வாரம் எங்கள் கல்லூரி முதல் வருடப் பெண் ஒருத்தி, "அண்ணா, இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு வாட்ஸ்அப் எண்ணைக் காட்டினாள். பெயரும் எண்ணும் புதிது. குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள், அதே குரல், அதே "நமக்கு மாயவரம்". அவள் கடவுச்சொல்லைக் கொடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மின்னஞ்சல் இன்னும் மாறவில்லை. அங்கேயே இரண்டு பேருமாக உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினோம்.

நீங்களும் யாரிடமாவது கொடுத்திருந்தால் இன்றிரவே கணக்குக்குள் போய்ப் பாருங்கள். மின்னஞ்சல் உங்களுடையதுதானா, உள்ளே கேள்வி ஏதும் வந்து காத்திருக்கிறதா, அதற்கு எத்தனை நாள் மீதி என்று பாருங்கள். உள்ளே போக முடியவில்லை என்றால் நாளைக் காலையே பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ப்ரெஃபெக்சூரின் உதவி மேசைக்குப் போங்கள். பிரெஞ்சு வராது என்று தயங்குபவர்கள் எனக்கு எழுதுங்கள், சனிக்கிழமைகளில் நான் கூட வருகிறேன்.