பாஸா, டபுள் அண்டர்கட்டா?

ஒருவர் சீட்டை உருவிப் பார்த்துவிட்டுக் கட்டின் நடுவே வைக்கிறார். அவருக்குத் தெரியாமல் அது மேலே வந்தாக வேண்டும். சீட்டு மேஜிக்கில் பாதி இந்த ஒரு வேலைதான். அதற்கான வழிகளில் இரண்டு, டபுள் அண்டர்கட்டும் பாஸும். டபுள் அண்டர்கட் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை இட்லிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே வந்துவிட்டது. பாஸோடு இரண்டு வருடமாக மல்லுக்கட்டுகிறேன்.

அண்டர்கட்டில் சொல்ல அதிகமில்லை. அவர் சீட்டுக்கு மேலே கட்டைவிரல் நுனியால் மயிரிழை இடைவெளி. அதற்குக் கீழே இருப்பதில் பாதியை எடுத்து மேலே வை. மீதியையும் எடுத்து மேலே வை. ரம்மிக்கு வெட்டுவதுபோலத்தான் இருக்கும். கை வியர்த்தாலும் காலை வாராது.

பாஸ் வேறு ரகம். இடைவெளியில் இடது சுண்டுவிரல் நுழைந்திருக்கும். மற்ற மூன்று விரல்கள் மேலே. மேல்பாதி இந்த இடுக்கியில். வலது கை கட்டை மூடுவதுபோல மேலே வந்து கீழ்ப்பாதியை இரண்டு முனையிலும் பிடிக்கும். இடது விரல்கள் மேல்பாதியை வலப்பக்கம் இழுத்துக் கீழே இறக்க, கீழ்ப்பாதி மேலே ஏறிவிட வேண்டும். கட்டு அசைந்ததாகவே தெரியக்கூடாது. எனக்கு முதல் ஆறு மாதம் 'சரக்' என்று சத்தம். அது போனதும் வலது கை துள்ள ஆரம்பித்தது.

கண்ணாடி முன்னால் மட்டும் சுத்தமாக இருந்தது. போனை ஜன்னலில் சாய்த்துப் படம் எடுத்தபோதுதான் குட்டு உடைந்தது: பாஸ் போடும் அதே நொடியில் கண்ணைச் சிமிட்டியிருக்கிறேன்! கண்ணாடியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு இடைஞ்சல், உப்புக்காற்று. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்து பழகினால் காகிதச் சீட்டு நமத்து ஒட்டிக்கொள்ளும். அண்டர்கட் அதிலும் ஓடும். பாஸ் நடுவழியில் நின்று மானத்தை வாங்கும்.

இவ்வளவுக்கும் பிறகு பாஸ் எதற்கு? அக்கா மகளுக்கு எட்டு வயது. அவள் எடுத்த ஆட்டின் ராணியை அண்டர்கட்டில் மேலே கொண்டுவந்து காட்டினேன். கொஞ்சம் யோசித்தாள். "மாமா, நீங்க எடுத்து எடுத்து மேல வச்சீங்கல்ல, அப்பதான வந்துச்சு?" அங்கேதான் அண்டர்கட் தோற்கிறது. யோசித்துப் பார்க்கிறவருக்கு ஒரு பிடியை விட்டுவைக்கிறது. பாஸ் சரியாக விழுந்தால் யோசிக்க ஒன்றுமே இருக்காது.

விழுந்தால்தானே? 1902-ல் எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் சீட்டுக் களவைப் பற்றி எழுதியவர் இதை ஷிஃப்ட் என்பார். சீட்டாட்ட மேஜையில் இயல்பாகத் தெரிகிற ஷிஃப்ட் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அவரே கையை விரித்திருக்கிறார்.

ஆகவே கல்யாண வீட்டில் நாலு பக்கமும் ஆள் நின்றால் நான் அண்டர்கட்தான். எதிரே ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் பாஸ். வேகத்துக்காக வீணாக்கிய மாதங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கூட்டக் கூட்டக் கை துள்ளியதுதான் மிச்சம். இப்போது பாதி வேகம். "உன் சீட்டு சிவப்பா, கருப்பா?" என்று கேட்டபடி அக்கா மகளின் முகத்தைப் பார்ப்பேன். அவளும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். அந்த நேரம் போதும்.

போன வாரம் மொட்டைமாடியில் அப்படித்தான் போட்டேன். மேல் சீட்டைத் திருப்பினாள். கட்டைப் பிடுங்கி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணுமே பண்ணலையே, மாமா!"